தாழி கேட்டவளும் தாழி வனைந்தவனும்

புறநானூற்றின் 256ஆம் பாடலைக் கற்பின் மேன்மைக்குச் சான்றாகவே நம் மேடைகளில் பலரும் எடுத்துக்காட்டுகின்றனர். கணவனை இழந்த ஒருத்தி, தன்னையும் உடன் அடக்கும் அளவுக்கு ஈமத்தாழியை அகலமாக வனையுமாறு குயவனை வேண்டுகிறாள். ஆகவே அவள் பத்தினி என்று விளக்கம் முடிந்துவிடுகிறது. இவ்வாசிப்பு நமக்கு நிறைவளிக்கவில்லை.

அவள் யாரிடம் பேசுகிறாள்? தெய்வத்திடம் அன்று, சுற்றத்தாரிடமும் அன்று. வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்ட சிறு வெண்பல்லியைப் போல அவனோடு பல சுரங்களைக் கடந்து வந்தவள் தான் என்று, தன் வாழ்வையே ஒரு குயவனிடம் சொல்லுகிறாள். சூளையில் வெந்தபின் தாழி விரியாது. மண் ஈரமாய் இருக்கும்போதே கேட்டாக வேண்டும். அந்த அவசரத்தைக் கேளாமல் அவளைப் போற்றுவது, அவள் துயரைப் புகழ்ச்சியால் மூடுவதாகும்.

228ஆம் பாடலில் ஐயூர் முடவனாரும் குயவனையே விளிக்கிறார். கிள்ளிவளவன் மறைந்தான், நிலவுலகைச் சக்கரமாகவும் பெருமலையை மண்ணாகவும் கொண்டன்றோ அவனுக்கேற்ற தாழியை வனைய வேண்டும், அது உன்னால் ஆகுமோ என்கிறார். கற்பனை பெரிதுதான். எனினும் பெயர் தெரியாப் புலவரின் பாடலையே நாம் உயர்வாகக் கருதுகிறோம். முடவனார் கேட்பது எக்குயவனாலும் இயலாதது. அவள் கேட்பதோ சில சாண் அகலம். இரு பாடல்களும் குயவனைக் 'கோ' என அழைக்கின்றன. அரசனுக்கும் அதுவே பெயர்.

நம் மறையுரைகளில் குயவன் எப்போதும் கடவுள், மண் மனிதன். எரேமியா 18ஆம் அதிகாரம் தந்த பழக்கம் இது. ஆனால் இறைவாக்கினர் முதலில் ஒரு மனிதனின் தொழிற்கூடத்திற்கு இறங்கிச் சென்று, கலம் கையில் கெடுவதையும் மீண்டும் வனையப்படுவதையும் கண்ணால் கண்டார். அதை நாம் விரைந்து கடந்துவிடுகிறோம். மத்தேயு 27இல் அந்நியரை அடக்கம் செய்ய வாங்கப்பட்டதும் குயவன் நிலமே.

ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோரும் பின்னர் அலெக்சாந்தர் ரீயும் அகழ்ந்தெடுத்த தாழிகள் இப்பாடல்கள் வெறும் கற்பனையல்ல என்பதைக் காட்டின. தாழி வழக்கு ஒழிந்தும் குயவரின் பங்கு ஒழியவில்லை. தமிழகத்தின் பல ஊர்களில் ஐயனாருக்கு மண்குதிரை செய்பவரும் பூசை செய்பவரும் வேளாரே. களமருதூர் வட்டாரத்துச் சிற்றூர்களில், எவர்சில்வர் குடம் நிறைந்த வீட்டிலும் இறப்பு நேர்ந்தால் மட்குடமே தேவைப்படுகிறது. அதைத் துளையிட்டுத் தோளில் சுமந்து சுற்றி உடைப்பர். அன்று மட்டும் குயவர் வீட்டிற்கு ஆள் அனுப்புகிறார்கள்.