இரு பெயர் பெற்ற இளையவன்

தொடக்க நூலின் 35ஆம் அதிகாரத்தில் ஒரு குழந்தைக்கு ஒரே வசனத்தில் இரண்டு பெயர்கள் சூட்டப்படுகின்றன. பெத்தேலிலிருந்து எப்ராத்துக்குச் செல்லும் வழியில் ராகேலுக்குப் பேறுகால வேதனை உண்டாகிறது. அஞ்ச வேண்டாம், இதுவும் மகனே என்று மருத்துவச்சி தேற்றுகிறார். உயிர் பிரியும் வேளையில் தாய் அக்குழந்தைக்குப் 'பென்-ஓனி' என்று பெயரிடுகிறார். தந்தை யாக்கோபோ அவனைப் 'பென்யமின்' என்று அழைக்கிறார். ராகேல் வழியோரத்தில் அடக்கம் செய்யப்படுகிறார். ஐந்தே வசனங்களில் (35:16-20) எல்லாம் முடிந்துவிடுகிறது.

நம் மறையுரைகளில் இப்பகுதிக்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம் ஒன்று உண்டு. தாய் துயரத்தால் பெயரிட்டார். தந்தை நம்பிக்கையால் அதனை மாற்றினார். 'என் துயரத்தின் மகன்' மறைந்து, 'வலக்கையின் மகன்' பிறந்தான். பெரிய வெள்ளியிலிருந்து உயிர்ப்பு ஞாயிறுக்குச் செல்ல இதனினும் எளிய வழி வேண்டுமோ? இவ்விளக்கத்தில் ஓர் அருள்பணிப் பயன் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. பேற்றில் தாயை இழந்த பிள்ளையைத் 'தாயை விழுங்கியவன்' என்று கூசாமல் பேசும் நாவுகள் நம் ஊர்களிலும் உண்டு. அத்தகைய பழிச்சொல்லைத் தன் மகன் வாழ்நாளெல்லாம் சுமக்கக்கூடாது என்று ஒரு தந்தை நினைப்பது நேரிய செயலே. ஆனால் அதற்காக, சாகும் தறுவாயில் ஒரு பெண் சொன்ன கடைசிச் சொல் அழிக்கப்பட வேண்டிய பிழையாகிவிடுமா? விவிலிய வாசகம் உண்மையில் அப்படித்தான் கூறுகிறதா?

எபிரேய மூலத்தைச் சற்று நிதானமாக நோக்குவோம். தாயைப் பற்றிக் கூறுகையில், அவர் 'அவன் பெயரை' இன்னதென அழைத்தார் என்று வருகிறது. தந்தையைப் பற்றிக் கூறுகையில் 'பெயர்' என்னும் சொல்லே இல்லை. அவர் அவனை இவ்வாறு அழைத்தார் என்று மட்டுமே உள்ளது. பெயர் மாற்றத்தைக் கூறும் முறை ஆசிரியருக்குத் தெரியாததன்று. இதே அதிகாரத்தின் 10ஆம் வசனத்தில், இனி உன் பெயர் யாக்கோபு அன்று, இஸ்ரயேல் என்று கடவுளே தெளிவாக மாற்றுகிறார். எட்டு வசனங்களுக்குப் பின் அந்த வாய்பாடு இல்லை. முதற்பெயர் நீக்கப்படவில்லை, அதனருகில் இன்னொன்று வைக்கப்படுகிறது.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. யாக்கோபின் ஏனைய பதினொரு புதல்வர்களின் பெயர்க் காரணமும் லேயா, ராகேல் ஆகிய தாய்மாரின் வாயிலிருந்தே வருகிறது (29:32-30:24). அக்குடும்பத்தில் பெயரிடும் உரிமை பெண்களுடையதாகவே இருந்தது. தந்தை குறுக்கிடுவது இந்த ஒரு மகனிடத்தில்தான். அவரும் காரணம் எதுவும் கூறவில்லை.

அந்த மௌனத்தைப் புரிந்துகொள்ள 'ஓனி' என்னும் சொல்லே வழி காட்டுகிறது. அச்சொல் துக்கத்தைக் குறிப்பது உண்மை; இணைச்சட்ட நூலில் (26:14) இறந்தோர்க்காகத் துக்கம் காப்பதைச் சுட்டி அது வருகிறது. ஆனால் அதே ஒலியுடைய சொல்லுக்கு 'என் ஆற்றல்' என்னும் பொருளும் உண்டு. அந்தப் பொருளில் அதனை வழங்குபவர் யார்? யாக்கோபேதான். தம் இறுதி நாளில் தலைமகன் ரூபனை நோக்கித் தம் ஆற்றலின் முதற்கனி என்று கூறும் இடத்தில் (49:3) எழுத்துப் பிசகாமல் அதே 'ஓனி' நிற்கிறது. எனவே ராகேலின் சொல்லில் துயரம், ஆற்றல் இரண்டும் அடங்கியிருந்தன.

13ஆம் நூற்றாண்டு யூத விளக்கவுரையாளரான நக்மானிடிஸ் இதனைக் கண்டவர். தாய் இட்ட பெயரைக் காக்கவே தந்தை விரும்பினார்; 'ஓனி' என்பதை ஆற்றல் எனக் கொண்டு, ஆற்றலுக்கு உறைவிடமான வலக்கையின் பெயரால் அதனை நல்ல பொருளில் பெயர்த்தார் என்பது அவர் கருத்து. அதாவது யாக்கோபு இங்கே பெயரை மாற்றியவர் அல்லர், மொழிபெயர்த்தவர். நமக்கு இதுவே ஏற்புடையதாகப் படுகிறது. தமிழ் அறிந்தவர்க்கு இதில் வியப்பும் இராது. நம் 'வலம்' என்னும் சொல்லும் வலப்பக்கத்தைக் குறிப்பதோடு வலிமையையும் வெற்றியையும் குறிக்கிறதன்றோ?

பிற மொழிபெயர்ப்பாளர்கள் இவ்வளவு கவனமாக இருந்தார்கள் எனச் சொல்வதற்கில்லை. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஐந்நூல்களைக் கிரேக்கமாக்கிய எழுபதின்மர் மரபு, தாய் இட்ட பெயரைப் பெயராகவே தரவில்லை. 'என் வேதனையின் மகன்' என்று பொருளை மட்டும் எழுதிவிட்டது. தந்தை இட்டதோ ஒலி மாறாமல் பெயராக நிற்கிறது. கிரேக்கம் மட்டும் படித்தவனுக்கு அங்கே ஒரு பெண்ணின் புலம்பலும் ஓர் ஆணின் பெயர்சூட்டலுமே தென்படும். புனித எரோணிமுஸ் நேர்மையாளர். தம் இலத்தீன் மொழிபெயர்ப்பில் இரு பெயர்களையும் தந்து, இரண்டின் பொருளையும் உடன் எழுதினார். எனினும் 'ஓனி'க்குத் துயரம் என்னும் ஒரு பொருளையே அவர் கொண்டதால், மேலைத் திருச்சபை முழுவதும் அந்த ஒரு பொருளிலேயே படித்தது.

'யமின்' என்பதற்கு வலம் என்பதோடு தெற்கு என்னும் பொருளும் உண்டு. கிழக்கு நோக்கி நிற்பவனுக்கு வலப்பக்கம் தெற்கு. வடமொழியின் 'தட்சிண'மும் இப்படியே. இவன் ஒருவனே தெற்கேயுள்ள கானானில் பிறந்தவன் என்பதால் இப்பெயர் பெற்றான் என்றார் 11ஆம் நூற்றாண்டின் ராஷி. சிரியாவில் யூப்ரத்தீசு ஆற்றங்கரையில் உள்ள மாரி நகரில் 1933இல் தொடங்கிய அகழாய்வில் கிடைத்த கி.மு. 18ஆம் நூற்றாண்டுக் களிமண் ஏடுகளில் 'தெற்கின் மக்கள்' என்னும் பொருளில் ஏறக்குறைய இதே பெயர் கொண்ட நாடோடிக் கூட்டத்தார் காணப்படுகின்றனர். அவர்களையே இஸ்ரயேலின் பென்யமின் குலம் என்று கொள்ளச் சான்றில்லை. பெயரின் தொன்மைக்கே அது சான்று.

12ஆம் நூற்றாண்டில் பாரிசின் புனித விக்டர் மடத்தில் வாழ்ந்த ரிச்சர்டு இக்கதையை ஆன்மிக உருவகமாக்கினார். அவர் நூலில் ராகேல் மனித அறிவு, பென்யமின் இறைக்காட்சித் தியானம். தியானம் பிறக்கும்போது அறிவு இறக்கிறது. குருமடத்தில் இதனைப் பயின்றோர் அதன் அழகை மறக்க மாட்டார்கள். நாமும் மறக்கவில்லை. ஆயினும் அந்த அழகுக்கு விலை கொடுப்பவர் ராகேல். பேறுகால வேதனையில் ஒரு பெண் இறந்தார் என்பது அங்கே மறைந்துபோய், அவரது சாவு ஒரு வசதியான படிக்கட்டாகிவிடுகிறது. தொடக்க நூலின் ஆசிரியர் அதனைப் படிக்கட்டாக எழுதவில்லை. கல்லறையையும், அதன்மேல் யாக்கோபு நாட்டிய தூணையும், அத்தூண் தம் நாள்வரை நிற்பதையும் எழுதினார்.

பின்வரும் அதிகாரங்கள் இன்னும் கூர்மையானவை. 'வலக்கையின் மகன்' என்று அழைத்த தந்தை அவனை அந்த நம்பிக்கையோடு வளர்த்தாரா? பஞ்சத்தில் தானியம் வாங்க மற்றவர்களை எகிப்துக்கு அனுப்புகையில் இவனை மட்டும் அனுப்பவில்லை. பின்னர் கேட்டபோதும் முதலில் மறுக்கிறார். இவனுக்குத் தீங்கு நேர்ந்தால் தம் நரைத்த தலை துயரத்தோடு பாதாளத்தில் இறங்கும் என்கிறார் (42:38). சாகும் தறுவாயில், யோசேப்பின் புதல்வரைத் தமக்கே உரியவர்களாக ஏற்கும்போதும், எப்ராத்துக்குச் செல்லும் வழியில் ராகேல் இறந்ததை நினைவுகூர்கிறார் (48:7). நாவில் பென்யமின், நெஞ்சில் பென்-ஓனி. பென்யமினோ தொடக்க நூல் முழுவதிலும் ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவனுக்காகத் தந்தை அஞ்சுகிறார், யூதா மன்றாடுகிறார், யோசேப்பு அழுகிறார். அவன் வாய் திறப்பதாக ஓரிடமும் இல்லை.

அவன் பெயரைத் தாங்கிய குலத்தின் வரலாறு நீண்டது. வலக்கையின் பெயர்கொண்ட அக்குலத்தில் ஏகூது இடக்கையன் (நீத 3:15). கவண் எறிவதில் வல்ல இடக்கையர் எழுநூறு பேரும் அக்குலத்தவரே (நீத 20:16). ஆசிரியர் இதைப் புன்முறுவலோடுதான் எழுதியிருக்க வேண்டும். உள்நாட்டுப் போரில் அறுநூறு ஆண்கள் மட்டுமே எஞ்சிய குலம் அது. அதிலிருந்து முதல் அரசர் சவுல் எழுந்தார். அவர் பெயரைக் கொண்டிருந்த திருத்தூதர் பவுலும் தாம் பென்யமின் குலத்தவர் எனப் பெருமையோடு குறிப்பிடுகிறார் (பிலி 3:5).

நம் கருத்துக்கு முதன்மையானவர் எரேமியா. அவர் பென்யமின் நாட்டு அனத்தோத்தில் பிறந்தவர். பாபிலோனுக்குக் கொண்டுபோகப்படும் கைதிகள் விலங்கிடப்பட்டுச் சேர்க்கப்பட்ட இராமாவும் (எரே 40:1) பென்யமினின் ஊரே. அங்கேதான் ராகேல் தம் மக்களுக்காக அழுவதையும், ஆறுதல் பெற மறுப்பதையும் அவர் கேட்கிறார் (31:15). பல நூற்றாண்டுகள் பென்யமின் என்றே வழங்கிய மண்ணில் தாயின் குரல் மீண்டும் எழுகிறது. எரேமியாவில் அடுத்த இரண்டு வசனங்களிலேயே ஆண்டவரின் ஆறுதல் மொழி வருகிறது: அழுகையை நிறுத்து, உன் மக்கள் திரும்பி வருவார்கள் என்று. பெத்லகேமின் குழந்தைகள் கொல்லப்பட்டதைக் கூறும் மத்தேயு (2:18) ராகேலின் அழுகையை மட்டும் எடுத்துக்கொள்கிறார். அந்த ஆறுதல் மொழியை அவர் சேர்க்கவில்லை.