படத்தில் ஒன்றுமில்லை

1

பரளச்சியில் என் தங்கச்சி வீட்டு உத்தரத்தில் ஒரு பெரிய பழுப்பு உறை செருகிக் கிடக்கிறது. உள்ளே இருப்பவை அவள் மகனுடைய மூளையின் எம்.ஆர்.ஐ. படங்கள். பையனுக்கு அப்போது நாலு வயது. பேச்சில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டான். வாசலில் கிடக்கும் சோளத்தட்டையை ஒரே அளவில் ஒடித்து ஒடித்து வரிசையாக அடுக்குவான், யாராவது கலைத்தால் தலையைச் சுவரில் மோதிக்கொள்வான். ஒரு வருஷத்து மிளகாய்க் காசும் அடகு வைத்த தோடும் சேர்ந்து அந்த உறைக்குள் போயின. மயக்க மருந்து கொடுத்துக் குழாய்க்குள் கிடத்தி எடுத்த படம். அறிக்கையின் சாரம் ஒரே வரிதான்: மூளை இயல்பாக உள்ளது.

இந்த 'இயல்பு' ஊர் வந்து சேர்ந்ததும் நடந்தது வேறு. "படத்துல ஒண்ணுமில்லேன்னு பெரிய டாக்டரே எழுதிக் குடுத்துட்டாரு. அப்ப இவன் வேணும்னுதானே செய்றான்?" என்றார் மாப்பிள்ளை. அதுவரை நோவுப் பிள்ளை என்று விட்டுவைத்தவனை அன்றிலிருந்து அழும்புக்காரன் என்று அடிக்க ஆரம்பித்தார். படத்தில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்திருந்தால் அந்த அடி விழுந்திருக்காது. தங்கச்சி என்னிடம் கேட்டது இதுதான்: "படத்துல இல்லாதது, பிள்ளைகிட்ட எப்படிண்ணே இருக்கும்?"

படம் எடுத்தே ஆகவேண்டும் என்று வற்புறுத்தியவன் நான். குடும்பத்தில் படித்தவன், பத்திரிகைகளில் எழுதுகிறவன். எனவே இந்தக் கட்டுரையை ஒரு விமர்சகனின் கட்டுரையாக மட்டும் வாசிக்க வேண்டாம்.

2

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த மருத்துவர் தப்பாக எதுவும் எழுதவில்லை. கட்டி, ரத்தக்கசிவு, வலிப்புக்குக் காரணமாகும் தழும்பு, பிறக்கும்போது மூச்சு முட்டியதால் வந்த சேதம் ஆகியவற்றைக் கண்டுபிடிப்பதில் எம்.ஆர்.ஐ. உயிர்காக்கும் கருவி. இவை இல்லை என்று உறுதிப்படுத்தவே சில பிள்ளைகளுக்கு அந்தப் படத்தை எடுக்கச் சொல்கிறார்கள். 'நான் தேடியவை இங்கே இல்லை' என்பதே 'இயல்பு' என்ற சொல்லின் பொருள். அது ஊருக்குள் 'இவனிடம் ஒன்றுமில்லை' என்று வாசிக்கப்படுகிறது. ஆட்டிசத்தை எந்த ஸ்கேனும் இன்றுவரை கண்டறிவதில்லை. பிள்ளையோடு உட்கார்ந்து, அவன் என்ன செய்கிறான், என்ன செய்யவில்லை என்று பார்த்தும், வளர்த்தவர்களிடம் கேட்டுமே கண்டறிகிறார்கள். இந்த ஒரு வாக்கியத்தை அன்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

ஆனால் பத்திரிகைகளில் நாம் பார்க்கும் வண்ண மூளைகள் இந்தப் படங்கள் அல்ல. அவை எஃப்.எம்.ஆர்.ஐ. என்ற இன்னொரு வகை. நரம்பணுக்கள் வேலை செய்யும் இடத்துக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது. ஆக்சிஜன் ஏந்திய ரத்தத்துக்கும் அதை இழந்த ரத்தத்துக்கும் காந்தப்புலத்தில் உள்ள வேறுபாட்டைக் கொண்டு மூளையைப் படம் பிடிக்கலாம் என்று 1990இல் செய்ஜி ஒகாவா காட்டினார். 1992இலிருந்து மனித மூளைகள் இப்படிப் படமாகி வருகின்றன. கருவி பார்ப்பது ரத்தத்தை. நினைப்பையோ கோபத்தையோ அது பார்ப்பதில்லை. ரத்தம் ஏறி உச்சம் தொடச் சில வினாடிகள் ஆகும். படத்தின் ஒரு சின்னப் புள்ளிக்குள் லட்சக்கணக்கான நரம்பணுக்கள். மஞ்சளும் சிவப்பும் மூளையில் இல்லை. ஒரு புள்ளியியல் கணக்கு எல்லையைத் தாண்டிய இடங்களுக்கு அடித்த சாயம். ஆக இது புகைப்படம் அன்று. எழுதப்பட்ட ஒரு பிரதி; பிரதி எனில் வாசிப்பும் உண்டு, வாசிப்பில் பிழையும் உண்டு.

எங்கள் பக்கம் தூரத்தில் புகை தெரிந்தால் யாரோ கரிமூட்டம் போட்டிருக்கிறார்கள் என்போம். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஆனால் அது குப்பை எரிகிற புகையாக இருக்கலாம், சுடுகாட்டுப் புகையாகவும் இருக்கலாம். கரிமூட்டம் போட்டால் புகை வரும் என்பது உண்மை. புகை வந்தால் கரிமூட்டம்தான் என்பது வேறு கூற்று. அமிக்டலா எனும் பகுதி பயத்தின்போது கிளர்கிறது, சரி. புதிய முகத்தைக் கண்டாலும், விருப்பமானதைக் கண்டாலும்கூடக் கிளர்கிறது. எனவே 'அமிக்டலா ஒளிர்ந்தது, இவன் பயப்படுகிறான்' என்று திருப்பிப்போட முடியாது. இந்தத் தலைகீழ் ஊகத்தைப் பற்றி 2006இல் விரிவாக எச்சரித்தவர் ரசல் போல்ட்ராக் என்ற மூளைப்பட ஆய்வாளர். வெளியே நின்று கல்லெறிந்தவர் அல்ல.

2009இல் கிரெய்க் பென்னட்டும் சகாக்களும் செத்த சால்மன் மீன் ஒன்றைக் கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, 'இவர்கள் என்ன உணர்கிறார்கள்?' என்று கேட்டார்கள். மீன் மூளையில் ஒரு புள்ளி ஒளிர்ந்தது! ஆயிரக்கணக்கான இடங்களைச் சோதித்தால் தற்செயலாகவே சில ஒளிரும், அதற்கான திருத்தத்தைச் செய்யாவிட்டால் பிணமும் உணரும் என்பதே அவர்கள் காட்டியது. 2020இல் 108 பேரின் ஒரே தரவை 70 ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்தபோது, எந்த இரண்டு குழுவும் ஒரே வழியில் அதைக் கணக்கிடவில்லை. சில கேள்விகளுக்கு விடைகளும் ஒத்துவரவில்லை.

3

இனி இந்தப் பிரதிக்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்ற கேள்விக்கு வருவோம். நம் தரப்புக் கேள்வி இதுதான்.

குழாய்க்குள் காது பிளக்கும் சத்தத்தில் நீண்ட நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். எஃப்.எம்.ஆர்.ஐ.யில் கேட்பதைப் புரிந்துகொண்டு பொத்தானும் அழுத்த வேண்டும். மயக்க மருந்து கொடுத்துவிட்டு அதைச் செய்ய முடியாது. ஆகவே ஆட்டிச ஆய்வுகளில் படமானவர்கள் பெரும்பாலும் பேசக்கூடியவர்கள், சொன்னதைச் செய்யக்கூடியவர்கள். என் தங்கச்சி மகனைப் போன்ற, பேச்சற்ற, தலையை மோதிக்கொள்கிற பிள்ளைகள் 'ஆட்டிச மூளை' என்ற சொல்லாடலுக்குள் ஏறக்குறைய இல்லவே இல்லை. அவர்கள் பேரால் பேசும் பிரதியில் அவர்கள் மௌனமாகக்கூட இல்லை.

இதற்கு மேலும் ஒன்று. ஆட்டிச மூளையில் தொலைவிலுள்ள பகுதிகளுக்கிடையே தொடர்பு குறைவு, பக்கத்துப் பகுதிகளுக்கிடையே அதிகம் என்று பல கட்டுரைகள் சொல்லிவந்தன. தலை மிகச் சிறிதளவு அசைந்தாலே கணக்கில் இதே தோற்றம் உண்டாகும் என்று 2012இல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. பிள்ளைகள் அசைவார்கள், ஆட்டிசமுள்ள பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் அசைவார்கள். அப்படியானால் முன்பு வெளியான முடிவுகளில் எவ்வளவு மூளை, எவ்வளவு அசைவு? இந்தக் கேள்வியால் ஒரு துறையே தன் பழைய முடிவுகளைத் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. அப்படித் திரும்பிப் பார்த்தது அத்துறையின் பெருமை. ஆனால் அந்தத் திருத்தம் பழுப்பு உறை போகிற ஊருக்கெல்லாம் போவதில்லை.

4

'உடம்பை அளந்து உள்ளே இருப்பதைச் சொல்லிவிடலாம்' என்ற ஆசை நம் மண்ணுக்குப் புதிதல்ல. 1885இல் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக வந்த எட்கர் தர்ஸ்டன், சாதி சாதியாக மனிதர்களை நிறுத்தித் தலை நீளத்தையும் மூக்கு அகலத்தையும் அளந்தார். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய நூலை இன்றும் நம்மவர்கள் தங்கள் சாதிப் பெருமைக்குச் சான்று காட்டுகிறார்கள். அதே காலகட்டத்தில், 1911இன் குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கு வந்தது. மதுரை, இராமநாதபுரச் சீமைகளில் அதற்கு மக்கள் வைத்த பெயர் ரேகைச் சட்டம். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ரத்தானது. ரேகை வைக்கப்பட்ட சாதிகள் தமக்குக் கீழே நிறுத்தப்பட்டவர்களை நடத்திய விதம் வேறு கணக்கு. அதையும் மறக்க வேண்டியதில்லை.

ரேகை போய் மூளை வந்தது. தலையில் மின்முனைகளைப் பொருத்தி, குற்றம் பற்றிய வாக்கியங்களைக் கேட்கவைத்து, 'இவனுக்கு இது அனுபவமாகத் தெரியும்' என்று சொல்லும் முறை இந்தியாவில் உருவாகி வழக்குகளுக்குள் நுழைந்தது. நாளிதழ்கள் இதையும் இது போன்றவற்றையும் 'பிரைன் மேப்பிங்' என்றன. 2008 ஜூனில் புனே நீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் ஆயுள் தண்டனை விதித்தபோது இச்சோதனையையும் ஆதாரமாக எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு, பெங்களூர் நிம்ஹான்ஸ் இயக்குநர் தலைமையிலான நிபுணர் குழு இதைச் சாட்சியமாகப் பயன்படுத்துவது அறிவியல்பூர்வமானதல்ல என்றது. 2010 மே 5 அன்று செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், ஒருவருடைய சம்மதமின்றி இத்தகைய சோதனைகளை நடத்துவது தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லும்படி கட்டாயப்படுத்தலாகாது என்ற 20(3) பிரிவுக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேசாமல் இருக்கும் உரிமை நாக்குக்கு மட்டுமல்ல, மூளைக்கும் உண்டு என்பது இதன் பொருள். ஆனால் லாக்கப்பில் இருப்பவனின் 'சம்மதம்' எப்படிப் பெறப்படும் என்பது இதழ் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

ஃபூக்கோ 1963இல் எழுதிய மருத்துவமனையின் பிறப்பு பற்றிய நூலில், நோயாளியின் பேச்சைவிட உடம்பைப் பார்க்கும் பார்வை மேலேறிய கதையைச் சொல்கிறார். அந்தக் கதை முடியவில்லை. முன்பு ஆளைக் கேட்காமல் உடம்பைப் பார்த்தார்கள். இப்போது ஆளையும் பார்க்காமல் படத்தைப் பார்க்கிறார்கள்.

5

நண்பர்கள் இரண்டு தரப்பாக நிற்கிறார்கள். ஒரு தரப்புக்குக் காதல், பக்தி, சாதிவெறி எல்லாமே மூளையின் இன்ன பகுதி. இன்னொரு தரப்புக்கு அறிவியலே ஒரு கதையாடல். ஆட்டிசம் என்பதும் மேற்கின் கட்டமைப்பு. இரண்டாமவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்பேன்: சுவரில் மோதுகிற மண்டை எந்தக் கட்டமைப்பு?

சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்த வி.எஸ்.ராமச்சந்திரனின் பணியிலேயே இரண்டு பாடங்களும் இருக்கின்றன. வெட்டப்பட்ட கையில் வலிக்கிறது என்று சொன்னவர்களை நம்பி, ஒரு பெட்டியில் சாதாரணக் கண்ணாடியை வைத்து இருக்கிற கையின் பிம்பத்தைக் காட்டி, சிலரின் வலியைக் குறைத்தார். பெரிய கருவி எதுவுமில்லை. நோயாளியின் சொல்லுக்குக் காது கொடுத்தார். ஆட்டிசத்துக்குக் காரணம் 'உடைந்த கண்ணாடி' நரம்பணுக்கள் என்று 2006இல் அவர் முன்வைத்த கருதுகோளும் கவர்ச்சியானதுதான். பின்வந்த ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஆனால் 'இவர்களுக்கு அடுத்தவர் மனசு புரியாது' என்ற உருவகம் மட்டும் ஊரில் தங்கிவிட்டது.

2024 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 'தரணி' என்ற கருமூளை வரைபடத்தை வெளியிட்டது. கர்ப்பத்தின் நடுமூன்று மாதங்களைச் சேர்ந்த ஐந்து கருக்களின் மூளைகளை மெல்லிய சீவல்களாக்கி, 5,132 சீவல்களை அணு அணுவாகப் படமெடுத்து, உலகத்தார் எவரும் இலவசமாகப் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். வளர்ச்சிக் குறைபாடுகளைப் புரிந்துகொள்ள இது அடித்தளம் என்கிறார்கள். எனக்கு அதில் பெருமைதான். கூடவே சர்வே வரைபடமும் நினைவுக்கு வருகிறது. அதில் எங்கள் கண்மாய் இருக்கும், மடை இருக்கும். தண்ணி இருக்கிறதா இல்லையா என்று இருக்காது. வரைபடத்தின் குற்றமல்ல அது. வரைபடம் மட்டும் போதும் என்று நினைப்பதுதான் குற்றம்.

1995இன் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இல்லை. 2016இன் சட்டத்தில் 21 வகைகளுள் ஒன்றாக வந்தது. பையனுக்குச் சான்றிதழ் வாங்கித் தந்தது பழுப்பு உறை அல்ல. நாற்பது கூறுகள் கொண்ட இந்திய மதிப்பீட்டு அளவைத் தாளோடு அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்த ஒரு பெண் உளவியலாளர்தான். அந்தத் தாளும் அதிகாரம்தான், எண்ணில்தான் முடிகிறது. ஆனாலும் அதில் ஒரு கேள்விக்கு என் தங்கச்சியின் வாய்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அவள் நாலு வருஷமாகப் பார்த்ததெல்லாம் அன்றுதான் அறிவாக எழுதப்பட்டது. அன்று மாப்பிள்ளையும் உட்கார்ந்து கேட்டார். அடி நின்றது, ஒரேயடியாக நின்றது என்று பொய் சொல்லமாட்டேன்.

நாம் கேட்க வேண்டியது பெரிய கருவியை அல்ல. அப்படி உட்காரத் தெரிந்த ஒருவர் திருச்சுழி வட்டாரத்தில் மாதம் ஒருமுறையாவது கிடைக்க வேண்டும். 'இயல்பு' என்று எழுதுகிற கை, அதன் கீழே அது எதைச் சொல்லவில்லை என்பதையும் தமிழில் இரண்டு வரி எழுத வேண்டும். இந்த இரண்டு வரியைக் கேட்டுப் போராடுவது கோட்பாட்டுக்குக் குறைவான வேலை என்று நான் நினைக்கவில்லை.

பையனுக்கு இப்போது பதினொரு வயது. இன்னும் பேச்சில்லை. சோளத்தட்டையை அடுக்குகிறான். உறை உத்தரத்தில்தான் இருக்கிறது. தூக்கிப் போட தங்கச்சிக்கு மனசு வரவில்லை. "தோட்டை வித்து எடுத்ததுல்லண்ணே" என்கிறாள்.