இழுப்பதற்கென்றே ஓர் எஞ்சின்

அமெரிக்கக் கனரக பிக்கப் வண்டிகளில் என் மனம் 1989 மாடல் டாட்ஜ் ராமின் கம்மின்ஸ் டீசலிடம்தான். ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர், வெறும் 160 குதிரைத்திறன். ஆனால் முறுக்குவிசை 400 பவுண்டு-அடி. அதுவும் குறைந்த சுற்றிலேயே. ஆக்சிலேட்டரை மிதிமிதியென்று மிதிக்க வேண்டாம், பின்னால் மாட்டிய டிரெய்லர் தானாக நகரும். ஸ்பார்க் பிளக் கிடையாது. அழுத்திய காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ளும். அந்த அழுத்தத்தைத் தாங்கத்தான் அத்தனை இரும்பு, அந்தக் கடகடப்பும் அதனால்தான். ராக்கி மலையேற்றத்தில் காற்று மெலிந்து சாதாரண பெட்ரோல் எஞ்சின் மூச்சுவாங்கும்போது, இதன் டர்போ காற்றைத் திணித்துக் கொடுக்கும். (இதே வரிசை எஞ்சின் ஜாம்ஷெட்பூரில் தயாராகி டாடா லாரிகளிலும் ஓடியது.)

பெட்ரோலை மட்டம்தட்டவில்லை. ஃபோர்டு 2020 மாடலில் கொண்டுவந்த 7.3 லிட்டர் வி8, டர்போ இல்லாமலே 430 குதிரைத்திறன் தருகிறது. விலை குறைவு. இன்றைய டீசலுக்கு வேண்டிய யூரியா திரவம், புகை வடிகட்டி என்ற தொல்லைகளும் இல்லை. எப்போதாவது படகு இழுக்கிறவருக்கு அதுவே போதும். தினமும் குதிரைகளையும் வைக்கோல் கட்டுகளையும் ஏற்றிப் போகிற பண்ணைக்காரர் டீசலைத்தான் கேட்பார்.