காதில் தங்கிய காட்சிகள்

பழைய தமிழ்ப் படங்களைப் பற்றி இரண்டு ரசிகர்கள் பேசத் தொடங்கினால், சற்று நேரத்தில் ஒருவர் குரலை மாற்றிக்கொண்டு வசனம் பேச ஆரம்பித்துவிடுவார். 'பராசக்தி'யின் நீதிமன்றம், 'வீரபாண்டிய கட்டபொம்மன்' ஜாக்சன் துரையிடம் வரி பற்றிச் சீறுவது, 'திருவிளையாடல்' தருமியின் புலம்பல் என்று பட்டியல் நீளும். இவற்றை நாம் பார்த்தது சில தடவை. கேட்டதோ கணக்கில்லாத தடவை. நம் சினிமா நினைவின் பெரும்பகுதி காது வழியாகச் சேர்ந்தது. அதனாலேயே, கண்ணுக்கென்று எடுக்கப்பட்ட தருணங்கள் பல அந்தப் பட்டியலில் ஏறாமல் போயின.

இதற்குக் காரணங்கள் தெளிவானவை. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' பாட்டை நம்பியே வந்தது. தொடர்ந்து வந்த படங்களுக்குக் கதை, நடிகர், பாட்டு எல்லாவற்றையும் கம்பெனி நாடகமே கொடுத்தது. இந்த உறவைத் திரைப்பட வரலாற்றாசிரியர் தியடோர் பாஸ்கரன் விரிவாக எழுதியிருக்கிறார். அதைவிட முக்கியமானது, படம் நம்மிடம் தங்கிய விதம். டூரிங் டாக்கீஸுக்கு வந்த படம் சில நாளில் பெட்டி கட்டிப் போய்விடும். அதன் ஒலி மட்டும் ஊரிலேயே இருக்கும். பாட்டுப் புத்தகமும் கதை வசனப் புத்தகமும் கைமாறின. கோயில் கொடையிலும் கல்யாண வீட்டிலும் குழாய் ஒலிபெருக்கியில் 'திருவிளையாடல்' இசைத்தட்டு ஓடியது. ஞாயிறு பிற்பகலில் வானொலியின் ஒலிச்சித்திரம் முழுப் படத்தையும் காதுக்குள் ஓட்டிக் காட்டியது. சென்னைத் தொலைக்காட்சி 1975இல் வரும்வரை, ஒரு படத்தைத் திரும்பப் பார்ப்பது வாய்ப்பைப் பொறுத்தது. திரும்பக் கேட்பது அன்றாடம் நடந்தது.

இப்படிக் கேட்டே பழகிய படங்களைத் திரும்பப் பார்க்கும்போது சில ஆச்சரியங்கள் காத்திருக்கின்றன. கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய 'பராசக்தி'யை (1952) எடுத்துக்கொள்வோம். நீதிமன்றம் என்றதும் நமக்குக் குணசேகரனின் நீண்ட பேச்சுதான் ஞாபகம் வரும். ஆனால் அதற்கு முன்பே அங்கே இன்னொரு விசாரணை நடந்துவிடுகிறது. கூண்டில் கல்யாணி நிற்கிறாள். நீதிபதி இருக்கையில் சந்திரசேகரன். எதிரே நிற்பவள் தன் தங்கை என்பது அவருக்குத் தெரியாது; அவள் சொல்லச் சொல்லத்தான் விளங்குகிறது. அங்கே நாடகம் பேசுகிறவளிடம் இல்லை, கேட்டுக்கொண்டிருக்கும் சந்திரசேகரனாக நடித்த சகஸ்ரநாமத்தின் முகத்தில் இருக்கிறது. முகத்தை ஒலிச்சித்திரம் எப்படிக் கொண்டுவரும்? அடுத்து வந்த மு. கருணாநிதியின் வசன வெள்ளத்தில் இந்தக் காட்சி அடித்துக்கொண்டு போய்விட்டது.

நடிப்பைப் பற்றிய நம் கணிப்பையும் காது இதே போலக் குறுக்கிவிட்டது. சிவாஜி கணேசன் என்றால் உச்சரிப்பு, ஏற்ற இறக்கம், கர்ஜனை என்று சொல்லிப் பழகிவிட்டோம். 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய–ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் 'கட்டபொம்மன்' அவருக்குச் சிறந்த நடிகர் பரிசைப் பெற்றுத் தந்தது. அந்த நடுவர்கள் வசனம் எழுதிய சக்தி கிருஷ்ணசாமியின் அடுக்குமொழியை ருசித்துப் பரிசு கொடுத்திருப்பார்களா என்ன? அவர்கள் பார்த்தது உடம்பை: நடையை, தோளின் நிமிர்வை, கண்ணை. நாம் வசனத்தில் மயங்கி நிற்க, அவர்கள் நடிகரைக் கண்டுகொண்டார்கள்.

கண்ணை நம்பி எடுத்த படங்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. எல்லிஸ் ஆர். டங்கன் தமிழே தெரியாத அமெரிக்கர். 'சதி லீலாவதி' (1936) முதல் 'மந்திரி குமாரி' (1950) வரை இங்கே படம் எடுத்தவர். மொழி கைகொடுக்காத இடத்தில் அவர் கேமராவைப் பிடித்துக்கொண்டார். 'மீரா'வுக்காக எம்.எஸ். சுப்புலட்சுமியின் மார்பளவுச் சிலை ஒன்றைச் செய்யச் சொல்லி, எந்தக் கோணத்தில் எந்த ஒளி அந்த முகத்துக்குப் பொருந்தும் என்று ஒளிப்பதிவாளர் ஜித்தன் பானர்ஜியோடு சோதித்துப் பார்த்திருக்கிறார். பாடிக்கொண்டிருக்கும் சிறுமி மீரா, பாட்டு முடிவதற்குள் எம்.எஸ். ஆகிவிடுவது அந்தப் படத்தின் அழியாத தருணம். வளர்ந்தாள் என்று யாரும் சொல்வதில்லை. நாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளர்ந்துவிடுகிறாள். இன்று அந்தப் பாடல்கள் எல்லா வீட்டிலும் ஒலிக்கின்றன. அந்த மாற்றத்தைத் திரையில் கண்டவர்கள் குறைவு.

எஸ்.எஸ். வாசனின் 'சந்திரலேகா' (1948) இன்னொரு சான்று. முப்பது லட்சம் ரூபாய் செலவு, பிரம்மாண்டம் என்பதோடு அதன் புகழை முடித்துவிடுகிறோம். முரசு நடனத்தை ஒரு கதைசொல்லலாகப் பார்த்தால் அதன் கெட்டிக்காரத்தனம் புரியும். ராட்சத முரசுகள் மேல் ஆட்டம் நடக்கிறது, வில்லன் ரசித்துக்கொண்டிருக்கிறான், ஆட்டம் ஓய்ந்ததும் முரசுகளுக்குள்ளிருந்து வீரர்கள் பாய்கிறார்கள். வியப்பூட்டிய பொருளே ஆயுதமாகிறது. இதற்கு ஒரு வரி வசனமும் தேவைப்படவில்லை. இந்தியிலும் எடுத்து நாடெங்கும் ஓட்ட முடிந்ததற்கு அந்தக் கண்மொழியும் ஒரு காரணம்.

ஏவி.எம். ஸ்டூடியோவில் இரண்டே ஆண்டு இடைவெளியில் நடந்த ஒன்று என் வாதத்துக்கு மிகவும் துணையாக நிற்கிறது. 'பராசக்தி'க்கு ஒளிப்பதிவு செய்த எஸ். மாருதி ராவும், நடித்த சிவாஜியும் 1954இல் எஸ். பாலசந்தரின் 'அந்த நாள்' படத்தில் மீண்டும் சேர்ந்தார்கள். பாட்டு இல்லை, நடனம் இல்லை, சண்டை இல்லை. நாயகன் தொடக்கத்திலேயே சுடப்பட்டுச் செத்துப்போகிறான். கொன்றவர் யார் என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நிழலும் சாய்ந்த கோணங்களுமாக, சந்தேகத்தை ஒளியாலேயே கட்டியிருக்கிறார் மாருதி ராவ். அதே நடிகர், அதே கேமராக்காரர். ஆனால் பாடிப் பார்க்கவும் பேசிப் பார்க்கவும் இதில் ஒன்றுமில்லை. அதனால் விமர்சகர்கள் கொண்டாடிய அளவுக்கு ஊர் இதைக் கொண்டாடவில்லை.

இயக்குநர் ஸ்ரீதர் இந்த இரண்டு புலனுக்கும் சமரசம் செய்து வைத்தார். 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) ஏறக்குறைய முழுவதும் ஓர் ஆஸ்பத்திரிக்குள் நடக்கிறது. நோயாளியாக முத்துராமன், மனைவியாக தேவிகா, அவளை முன்பு காதலித்த டாக்டராக கல்யாண்குமார். அறைக்குள் நடக்கும் ஒரு பாட்டில் ஏ. வின்சென்டின் கேமரா கட்டிலுக்கு அடியில் போய் மனைவியைப் பார்க்கிறது. வித்தைக்காகச் செய்தது என்று அதைத் தள்ள முடியாது. அந்த அறையில் தப்பிப் போக இடமில்லை என்பதை அந்தக் கோணம் நமக்கு உணர்த்திவிடுகிறது. பாட்டு வானொலியில் நிலைத்தது. கோணம் திரையோடு நின்றுவிட்டது.

எழுபதுகளின் இறுதியில் வந்த திருப்பம் வசனகர்த்தாவிடமிருந்தே வந்தது என்பது சுவையான செய்தி. மகேந்திரன் அதற்கு முன் 'தங்கப்பதக்கம்' படத்துக்குக் கைதட்டல் வாங்கும் வசனங்களை எழுதியவர். அவரே 'உதிரிப்பூக்க'ளில் (1979) பேச்சைக் குறைத்துக்கொண்டே போகிறார். புதுமைப்பித்தனின் 'சிற்றன்னை'யிலிருந்து கிளைத்த அந்தக் கதையின் முடிவில், கொடுமைக்காரனான சுந்தரவடிவேலுவை ஊரே ஆற்றுக்கு அழைத்துப் போகிறது. அவன் தண்ணீருக்குள் இறங்குகிறான், கரையில் அவன் பிள்ளைகள். அசோக்குமாரின் ஒளிப்பதிவில் நமக்குத் தண்டனையும் பரிதாபமும் ஒரே சமயத்தில் தெரிகின்றன. எது சரி என்று யாரும் விளக்குவதில்லை.

பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) இன்னும் ஒரு படி போகிறது. பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியே வருகிறார். சுவரைத் தொடுகிறார், அறை அறையாக நடக்கிறார். பின்னணியில் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசை. நடித்தவர் சொக்கலிங்க பாகவதர்; நாடக மேடையிலிருந்து வந்தவர். பாட்டும் பேச்சுமாக வளர்ந்த ஒரு கலைஞர், பேச்சே இல்லாத காட்சியில் ஒரு வாழ்நாள் ஆசையைக் கைவிரல்களால் நடித்துவிட்டுப் போகிறார்.

காதின் நினைவைத் தாழ்த்திச் சொல்வது என் நோக்கமில்லை. டிக்கெட்டுக்குக் காசில்லாதவருக்கும் கொட்டகை இல்லாத ஊருக்கும் சினிமாவைக் கொண்டு சேர்த்தது அதுதான். ஆனால் எந்தப் படம் பிழைக்க வேண்டும் என்பதையும் அந்த நினைவே தீர்மானிக்கிறது. 'கர்ணன்' (1964) 2012இல் டிஜிட்டலில் புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்கில் நூறு நாளைத் தாண்டியது. அதன் பாடல்கள் அரை நூற்றாண்டாக அதை உயிரோடு வைத்திருந்தன. பாட்டு இல்லாத படத்துக்கு அப்படி வாதாட யார் இருக்கிறார்கள்? ஒலிக்கு இசைத்தட்டு, ஒலிநாடா, வானொலி, மனப்பாடம் என்று பல வீடுகள் உண்டு. பிம்பத்துக்குப் பிலிம் சுருள் ஒன்றுதான் வீடு. 'காளிதாஸ்' படத்தின் ஒரு பிரின்ட்கூட இன்று இல்லை. இனி நாம் போடும் பட்டியல்களில் வசனகர்த்தாவுக்குப் பக்கத்தில் ஒளிப்பதிவாளரின் பெயரையும் எழுதத் தொடங்கினால், புதுப்பிக்க வேண்டிய படங்களின் வரிசையும் மாறும்.