பூத் வாரி முடிவு: கடைசி ஓட்டையில் கசியும் ரகசியம்

தேர்தல் வந்தாலே நம்ம ஊர்ல ஒரு விவாதம் கண்டிப்பாக வரும். ஈ.வி.எம்.மை ஹேக் பண்ண முடியுமா, முடியாதா? மென்பொருள் வேலையில் இருப்பதால் என்னிடமும் கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அந்த ஒரே கேள்வி மற்ற எல்லாவற்றையும் மூடிவிடுகிறது என்பதுதான் என் குறை.

"சுதந்திரமான, நியாயமான தேர்தல்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம். அவை இரண்டும் வெவ்வேறு. போட்ட ஓட்டு போட்டபடி எண்ணப்பட்டதா என்பது நியாயம். போடுகிறவர் பயமில்லாமல் போட்டாரா என்பது சுதந்திரம். முதலாவதைப் பற்றி நாள் முழுக்கப் பேசுகிறோம். இரண்டாவதைப் பற்றிப் பேசுவது மிகக் குறைவு.

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் நினைவிருக்கிறதா? தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட இந்த ஊராட்சிகளில் 1996-இல் இருந்து 2006 வரை முறையான தலைவர் தேர்தலே நடக்கவில்லை. மனுப் போட ஆள் வரவில்லை. வந்து ஜெயித்தவர்களும் ராஜினாமா செய்ய வைக்கப்பட்டார்கள். அங்கே யாரும் பெட்டியை மாற்றவில்லை, எண்ணிக்கையில் கை வைக்கவில்லை. பெட்டி சுத்தமாகத்தான் இருந்தது. ஊர்தான் பயந்து கிடந்தது.

பயத்துக்கு எதிராக ஒரு ஏழை வாக்காளர் கையில் இருக்கும் ஒரே கருவி ரகசியம். நம் சட்டமும் இதைப் புரிந்துகொண்டுதான் எழுதப்பட்டது. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 94: யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று நீதிமன்றத்தில்கூட ஒருவரைச் சொல்லவைக்க முடியாது. பிரிவு 128: தேர்தல் பணியில் இருப்பவர் ரகசியத்தைக் காக்கவேண்டும். 2013-இல் நோட்டா வந்ததற்கும் காரணம் இதுதான். அதற்கு முன் 49-ஓ என்ற விதியின்படி, யாருக்கும் போட விருப்பமில்லை என்றால் அதிகாரியிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதவைக்க வேண்டும். யாருக்கும் போடாதவருக்கும் ரகசியம் உண்டு என்று சொல்லி, உச்ச நீதிமன்றம் நோட்டா பொத்தான் வைக்கச் சொன்னது.

இவ்வளவு கவனமாகக் கட்டிய வீட்டில், கடைசி ஜன்னலை மட்டும் திறந்தே வைத்திருக்கிறோம். அதன் பெயர் படிவம் 20.

எண்ணிக்கை முடிந்ததும் தயாராகும் இறுதி முடிவுத் தாள் அது. எந்த வாக்குச்சாவடியில் எந்த வேட்பாளருக்கு எத்தனை ஓட்டு என்று வரிசையாக இருக்கும். மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளங்களில் பிடிஎஃப் ஆகக் கிடைக்கும். நானும் இறக்கி, எக்ஸலில் போட்டு, வரைபடம் எல்லாம் செய்து பார்ப்பவன்தான். ஆராய்ச்சிப் பைத்தியம் உள்ள யாருக்கும் அது தங்கச் சுரங்கம். எனக்குத் தங்கம் என்றால் வட்டச் செயலாளருக்கும் தங்கம்தானே?

தரவுப் பாதுகாப்பில் ஒரு எளிய விதி உண்டு. ஒரு ஆளை மறைக்கவேண்டும் என்றால் அவரை ஒரு கூட்டத்தில் கலக்கவேண்டும். கூட்டம் பெரிதாக இருக்கணும், உள்ளே இருப்பவர்கள் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. பெயரை மட்டும் அழித்துவிட்டால் ஆள் மறைந்துவிட மாட்டார். பூத் இந்த இரண்டிலும் தோற்கிறது.

முதலில் அளவு. ஒரு பூத்துக்கு 1,500 வாக்காளர்கள் என்றிருந்த வரம்பை 2025-இல் ஆணையம் 1,200 ஆகக் குறைத்தது. கூட்டத்தைக் குறைக்க நல்ல யோசனை. ஆனால் மறைந்துகொள்ளும் கூட்டமும் அதோடு சின்னதாகிறது. இதன் உச்சம் குஜராத்தின் கிர் காட்டுக்குள் இருக்கும் பானேஜ். ஒரே ஒரு வாக்காளருக்காக அங்கே ஒரு பூத். அருணாச்சலப் பிரதேசத்தின் மாலோகத்திலும் 2024-இல் ஒரே ஒரு பெண்ணுக்காக அதிகாரிகள் மலையேறிப் போனார்கள். ஜனநாயகத்தின் அழகு என்று எல்லாப் பத்திரிகையும் எழுதியது. அழகுதான். ஆனால் அந்த ஒரு ஓட்டை பூத் வாரியாக எண்ணி எழுதினால் ரகசியம் என்ன ஆகும்?

அடுத்தது கலவை. வாக்காளர் பட்டியல் பாகம் பாகமாக, தெரு வாரியாக இருக்கிறது. நம்ம ஊர்ல தெரு என்றால் பல இடங்களில் சாதி என்று நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆக, ஒரு பூத்தின் கணக்கு என்பது அந்தத் தெருவின், காலனியின் கணக்கு. பேச்சுக்கு ஒரு பூத்தில் 800 ஓட்டு என்று வையுங்கள். ஆளுங்கட்சிக்கு 40, மற்றவருக்கு 760. முருகன் யாருக்குப் போட்டார் என்று தெரியாது, சரி. ஆனால் அந்தத் தெருவுக்குத் தண்ணீர் லாரி அனுப்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய முருகன் பெயர் எதற்கு?

இது கற்பனைப் பயமல்ல. 2019 மக்களவைத் தேர்தல் பிரச்சாரத்தில், அப்போது மத்திய அமைச்சராக இருந்த மேனகா காந்தி, கிடைக்கும் ஓட்டின் அளவை வைத்து ஊர்களை ஏ, பி, சி, டி என்று பிரிப்போம், வளர்ச்சிப் பணி அந்த வரிசையில்தான் என்று மேடையிலேயே பேசினார். தேர்தல் ஆணையம் கண்டித்தது. பேச்சைக் கண்டித்தார்கள், சரி. அப்படித் தரம் பிரிக்க உதவும் பட்டியலை வெளியிடுவதே நம் விதிகள்தான், அதை யார் கண்டிப்பது? அவர் வெளிப்படையாகச் சொன்னார். சொல்லாமல் செய்பவர்கள் எல்லாக் கட்சியிலும் உண்டு.

ஓட்டுக்குப் பணம் என்ற வியாதிக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. பணப் பட்டுவாடாவுக்காக 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர், 2017-இல் ஆர்.கே. நகர், 2019-இல் வேலூர் என்று தேர்தலையே நிறுத்தியிருக்கிறார்கள். பணம் வாங்கியவர் மாற்றிப் போட்டால் கொடுத்தவர் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அந்த பூத்துக்குப் பணத்தை எடுத்துச்சென்ற ஆள் வேலை செய்தாரா என்பதைப் படிவம் 20 காட்டிக்கொடுத்துவிடும். நாமே அச்சடித்துக் கொடுக்கும் ரசீது மாதிரி.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்த ஓட்டையை அடைக்கும் வழி சீட்டுக் காலத்திலேயே இருந்தது. 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகளில் 59ஏ என்று ஒன்று உண்டு. வாக்காளர்கள் மிரட்டப்படலாம், பழிவாங்கப்படலாம் என்று ஆணையம் நினைத்தால், பெட்டிகளில் உள்ள சீட்டுகளை எல்லாம் கலந்துவிட்டு எண்ணலாம். பிரிட்டனில் ஒரு பெட்டியின் சீட்டுகளை வேறொரு பெட்டியோடு கலக்காமல் எண்ணவே கூடாது. இங்கே மின்னணு இயந்திரம் வந்ததும் கலப்பது போய்விட்டது. ஒவ்வொரு கருவியும் தன் கணக்கைத் தனியாகச் சொல்கிறது. வசதிக்காக வந்த தொழில்நுட்பம், இருந்த ஒரு பாதுகாப்பைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு போய்விட்டது.

ஆணையத்துக்கும் இது தெரியும். 14 பூத்துகளின் இயந்திரங்களை இணைத்து மொத்தக் கணக்கை மட்டும் காட்டும் "டோட்டலைசர்" என்ற கருவியை 2008-லேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையம் 2015-இல் தன் 255-ஆவது அறிக்கையில் அதை ஆதரித்தது. மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் எதிர்த்தது. சொன்ன காரணம் முக்கியம்: பூத் வாரி முடிவு தெரிந்தால்தான் எங்கே பின்தங்கினோம் என்று கட்சிகள் அறிந்து, அங்கே போய் நன்றாக வேலை செய்ய முடியுமாம்.

இந்த வாதத்தைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். தனக்கு ஓட்டுப் போடாத தெருவைத் தேடிப் போய் நல்லது செய்யும் கட்சிக்கு அந்தப் பட்டியல் உதவும். பழிவாங்க நினைக்கும் கட்சிக்கும் அதே பட்டியல் அதே அளவு உதவும். ரகசிய வாக்குரிமை என்பது அரசியல்வாதி நல்லவராக இருப்பார் என்று நம்பி எழுதப்பட்டதல்ல, நம்பாமல் எழுதப்பட்டது.

எனக்கு உண்மையிலேயே தயக்கம் தரும் எதிர்வாதம் வேறு. பூத் வாரிக் கணக்கு இல்லையென்றால் சரிபார்ப்பது எப்படி? வாக்குப்பதிவு முடிந்ததும் முகவர்களுக்கு 17சி என்ற படிவம் தருகிறார்கள். அந்த பூத்தில் பதிவான மொத்த ஓட்டு அதில் இருக்கும். எண்ணும்போது அதோடு ஒப்பிடலாம். டோட்டலைசர் என்பது நடுவில் வரும் இன்னொரு பெட்டி. அது சரியாகக் கூட்டியது என்று யார் சொல்வது? ஏற்கனவே நம்பிக்கை குறைந்திருக்கும் காலத்தில் புதிதாக ஒரு இயந்திரத்தைக் கொண்டுவந்து "நம்பு" என்றால் எவன் நம்புவான்?

நியாயமான கேள்வி. ஆனால் ரகசியமா, சரிபார்ப்பா என்று ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கவேண்டும் என்பதில்லை. வாக்குப்பதிவு முடிந்ததும் தரும் 17சி-யின் முதல் பகுதியில் மொத்தம் மட்டும்தான் இருக்கிறது, வேட்பாளர் வாரிப் பிரிவு இல்லை. அதை பூத் வாரியாக அன்றைக்கே இணையத்தில் போடலாம், யார் ரகசியமும் போகாது. வேட்பாளர் வாரி முடிவை 14 பூத்துக் கொத்தாக மட்டும் சொல்லலாம். ஒவ்வொரு தொகுதியிலும் குலுக்கலில் ஒரு கொத்தை எடுத்து, அந்த 14 பூத்துகளின் விவிபாட் சீட்டுகளை ஒரே டிரம்மில் கொட்டிக் கலந்து, கையால் எண்ணி, டோட்டலைசர் சொன்னதோடு ஒப்பிடலாம். இப்போது ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஐந்து பூத்துகளின் சீட்டுகளை எண்ணுகிறார்கள். பூத்துக்கு 800 என்றால் 4,000 சீட்டு. நான் சொல்வதில் 11,200 ஆகும். ஏறக்குறைய மூன்று மடங்கு வேலை. முடிவு சில மணி நேரம் தாமதமாகும். ஆகட்டுமே, பல கட்டங்களாக வாரக்கணக்கில் நடக்கும் தேர்தலுக்கு அது ஒரு தாமதமா?

இப்படி வந்தால் எனக்கு நஷ்டம்தான். தெரு அளவில் வரைபடம் போட முடியாது. சாதி வாரியாக யார் யாருக்குப் போட்டார்கள் என்று டிவியில் அளக்கும் நிபுணர்களுக்கும் நஷ்டம்தான். எங்கள் ஆர்வம் அவ்வளவு பெரிய விஷயமல்ல. ஆளுங்கட்சிக்கு எதிராக ஓட்டுப் போட்ட காலனிக்குக் குழாயில் தண்ணீர் வருவது அதைவிடப் பெரிய விஷயம்.