ஆல் என்றொரு அப்பா

'லிட்டில் ஈவில்' படத்தை ஐந்தாறு தடவை பார்த்துவிட்டேன். ஒவ்வொரு தடவையும் ஆல் எப்போது வருவார் என்றுதான் காத்திருக்கிறேன். 2017இல் நெட்ஃப்ளிக்ஸில் படம் வந்தபோது நண்பர்கள் ஆடம் ஸ்காட்டின் திருதிரு முழியைப் பற்றிப் பேசினார்கள். ஆட்டுப் பொம்மையைக் கையில் மாட்டிக்கொண்டு வெறிக்கும் லூகஸ் என்ற பையனைப் பற்றிப் பேசினார்கள். ஆலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஸ்காட் நடித்த கேரி அந்தப் பையனுக்கு வளர்ப்பு அப்பா; கேரியின் அலுவலகத் தோழர் ஆல். அவரும் கட்டிக்கொண்டவளின் பிள்ளைக்கு அப்பாவானவர். நடித்தவர் பிரிட்ஜெட் எவரெட் என்ற பெண். இதைப் படம் விளக்குவதில்லை, சிரிப்புக்குப் பயன்படுத்துவதும் இல்லை. அப்பாக்களின் கூட்டத்தில் அவர் ஓர் அப்பா, அவ்வளவுதான். தமிழில் 'வந்தார், போனார்' என்று எழுதினால் ஆணா பெண்ணா என்ற கேள்வியே எழாது. அந்த 'ஆர்' விகுதியின் மரியாதையை இயக்குநர் எலி கிரெய்க் ஒரு படம் முழுக்கக் கொடுத்திருக்கிறார். எவரெட்டின் குரல் நியூயார்க் கேபரே மேடைகளில் பாடி உரம் ஏறியது. பையன் சாத்தானின் வாரிசோ என்று கேரி நடுங்கும்போது, 'வந்த புதிதில் எல்லாப் பிள்ளையும் அப்படித்தான்' என்கிற தோரணை ஒன்று அந்தக் குரலில் இருக்கிறது. படத்தின் மொத்த நகைச்சுவையும் எனக்கு அதில்தான்.

கிரெய்க்கின் 'டக்கர் அண்ட் டேல்' (2010) தான் உசத்தி என்பார்கள். கட்டுக்கோப்பில் உசத்திதான், மறுக்கவில்லை. ஆனால் அதில் ஒரு குடும்பம் இல்லை. குழந்தைகள் நல அதிகாரியாக வரும் சாலி ஃபீல்டைக் கொண்டாடுவோரும் உண்டு. வளர்ப்பு அப்பாவின் கதையில் கிரெய்க் தன்னைப் பெற்ற தாயான அவரையே நடிக்க வைத்தது அழகுதான். எனக்கு ஆல் போதும்.

இப்போது வரும் பேய்ச் சிரிப்புப் படங்களில் பேய்க்கு மரியாதையே இல்லை. வந்த நிமிடமே அதைக் கோமாளி ஆக்கிவிடுகிறார்கள். சின்ன வயதில் வாடகை டெக்கில் 'தி ஓமன்' பார்த்தோம். ஜெர்ரி கோல்ட்ஸ்மித் இசையின் கூட்டுக்குரல் எழும்பியதும் அப்பா எழுந்துபோய்ச் சத்தத்தைக் குறைத்தார். கிரெய்க்குக்கு அந்தப் பயம் தெரிந்திருக்கிறது. 'ஓமனின்' சாத்தான் பிள்ளை டேமியனின் உடுப்பை அப்படியே லூகஸுக்குப் போட்டுவிடுகிறார்; கல்யாணத்தன்றே சூறாவளியை இறக்குகிறார். பயம் நிஜமாக இருப்பதால்தான் கடைசியில் கேரிக்குத் துணையாக ஆல் நிற்கும்போது தொண்டை அடைக்கிறது. சாத்தானின் பிள்ளையாகவே இருக்கட்டும், ஆலுக்கு அவன் நண்பனின் மகன்.