கணக்கில் வராத சீமாட்டி

'தி டச்சஸ்' படத்தைப் போன வாரம் மறுபடி பார்த்தேன். 2008-ல் வந்தது. கெய்ரா நைட்லி தலைமேல் ஒரு கோபுரத்தையே சுமந்துகொண்டு நடப்பார். ஆடை வடிவமைப்புக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள். நியாயம்தான். ஆனால் படம் முடிந்ததும் எனக்கு ஒரே சந்தேகம். சரி, கணக்குப் புத்தகம் எங்கேப்பா?

பி.காம். படித்தவன் புத்தி அப்படித்தான் போகும். மன்னிக்கவும்.

கதை நிஜம். ஜார்ஜியானா ஸ்பென்சர், 1757-ல் பிறந்தவர். சரியாகப் பதினேழாவது பிறந்தநாளன்று டெவன்ஷயர் டியூக்குக்கு வாழ்க்கைப்பட்டார். மாப்பிள்ளை இங்கிலாந்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர். அவருக்கு ஏற்கெனவே இன்னொரு பெண் மூலம் ஒரு மகள். அந்தக் குழந்தையையும் ஜார்ஜியானாதான் வளர்த்தார். 1782-ல் பாத் நகரில் கிடைத்த தோழி எலிசபெத் ஃபாஸ்டர், இவர் வீட்டிலேயே தங்கி, டியூக்குக்கு இரண்டு குழந்தைகள் பெற்றார். ஜார்ஜியானாவுக்கு ஆண் வாரிசு பிறந்தது 1790-ல்தான், கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்து. 1792-ல் காதலர் சார்லஸ் கிரே மூலம் ஒரு பெண் குழந்தை. அதைக் கிரேயின் பெற்றோரிடம் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. இந்த கிரே பின்னாளில் பிரதமர்!

இதையெல்லாம் இயக்குநர் சால் டிப் நன்றாகவே எடுத்திருக்கிறார். நாய்களைக் கொஞ்சும் அளவுக்குக்கூட மனைவியைக் கொஞ்சாத டியூக்காக ரால்ஃப் ஃபைன்ஸ் பிரமாதம். குழந்தையைக் கைமாற்றும் காட்சியில் எனக்கே தொண்டை அடைத்தது.

விட்டுப்போனது, கடன்.

நிஜ ஜார்ஜியானா ஒரு சூதாடி. சீட்டாட்டத்தில் ஆயிரக்கணக்கான பவுண்டு விட்டார். தாமஸ் கூட்ஸ் என்ற வங்கிக்காரர் உட்படப் பலரிடம் வாங்கினார். ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். கணவர் கேட்டால் தொகையைக் குறைத்தே சொல்வார். கடன்காரர்கள் எல்லோரும் செய்வதுதானே! அன்றைய ஆங்கிலச் சட்டப்படி, கல்யாணமான பெண்ணுக்குத் தனிச் சொத்து கிடையாது. அவள் கடனும் புருஷன் தலையில்தான் விடியும். யோசித்துப் பாருங்கள், கடன்கூடச் சொந்தமாக வைத்துக்கொள்ள முடியாத கோடீஸ்வரி. இதைவிடப் பெரிய கதை வேண்டுமா? படத்தில் சீட்டு மேஜை வெறும் அலங்காரம்.

அரசியலும் அப்படித்தான். 1784 வெஸ்ட்மின்ஸ்டர் தேர்தலில் சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸுக்காகத் தெருத்தெருவாக ஓட்டுக் கேட்டவர் இவர். ஓட்டுக்கு முத்தம் கொடுத்தார் என்று கார்ட்டூன் போட்டுக் கிழித்தார்கள். ஃபாக்ஸ் ஜெயித்தார். படத்திலோ அரசியல், காதலுக்குப் பின்னணித் திரை.

ஏன் இப்படி? ஜார்ஜியானாவின் தம்பி வழியில் வந்தவர் இளவரசி டயானா. விளம்பரம் முழுக்க அந்த ஒற்றுமையை வைத்தே ஓட்டினார்கள். பாவப்பட்ட மனைவி என்றால் டிக்கெட் விற்கும். பொய் சொல்லிக் கடன் வாங்குகிற மனைவி என்றால் ரசிகர்கள் முகம் சுளிப்பார்களோ என்று பயம்.

படத்துக்கு ஆதாரமான அமாண்டா ஃபோர்மனின் வாழ்க்கை வரலாறு (1998) இப்படிப் பயப்படவில்லை. அதில் கடனும் தேர்தலும் கண்ணீரும் ஒரே பெண்ணுக்குள் இருக்கின்றன. 1806-ல், நாற்பத்தெட்டு வயதில், கடனை அடைக்காமலே கண்ணை மூடினார் ஜார்ஜியானா. மூன்று வருஷத்தில் டியூக் அந்தத் தோழியையே கல்யாணம் செய்துகொண்டார்.

படம் பார்த்தால் அவர்மேல் பரிதாபம் வரும். புத்தகம் படித்தால் கோபம் வரும், சிரிப்பு வரும், கடைசியில் மரியாதையும் வரும். பரிதாபம் மட்டும் போதும் என்பவர்கள் படத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.